செங்கோட்டை–புனலூர் லைன்: வண்டியில நிக்க இடமில்ல, கணக்குல மட்டும் எப்படி நஷ்டம்?

கோட்டைவாசல்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம பயணியர் குழு சார்பா ஒரு மனு தயாராகுது. செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் நடுவுல பகல்ல இன்னொரு வண்டி வேணும், அதுவும் ஆபீஸ் நேரத்துக்கு ஒத்து வரணும். இதுதான் கோரிக்கை. இது விஷயமா ஒரு அதிகாரிகிட்ட வாய்மொழியா பேசினப்ப சட்டுனு ஒரே பதில்: "அந்த மலை லைன் கட்டுபடியாகாதுங்க."

அங்கதான் எனக்குப் பிடிபடல. சீசன் டிக்கெட்ல புனலூருக்கு வேலைக்குப் போய் வர்ற ஆள் நான். குற்றாலத்துல சாரல் அடிச்சா ஒரு கூட்டம், கார்த்திகை பிறந்தா சாமிமார் கூட்டம். வாசப்படியில ஒத்தக் கால்ல நிக்கிற வண்டி நஷ்டத்துல ஓடுதுன்னா நம்புற மாதிரியா இருக்கு? அதே சமயம் ரிசர்வேஷன் டிக்கெட்ல, பயணச் செலவுல சராசரியா 57 சதவீதம்தான் ரயில்வேக்குத் திரும்ப வருதுன்னு அச்சடிச்சிருக்காங்க. அப்ப மீதி 43 யார் கையிலேருந்து போகுது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "எல்லாம் அரசியல்"னு ஒத்த வரி பதில் வேண்டாம்.

ரயில்_ரசிகன்:
எல்லாம் அரசியல் 😀

சரி சரி, அடிக்க வராதீங்க. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். சமதரையில ஒரு இன்ஜின் இழுக்கிற வண்டிக்கு, செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவுல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு இன்ஜின். அப்ப டிரைவர்களும் ரெண்டு செட். மலையில ஊர்ந்துதான் போகணும். ரொம்ப நாள் 14 பெட்டிக்கு மேல விடவே இல்ல. அதாவது செலவு இரட்டிப்பு, ஏத்துற ஆள் கம்மி. "கட்டுபடியாகாது"ன்னு அவர் சொன்னதுல பாதி இந்த மலைதான்.

பழைய_புக்கிங்:
தம்பி கோட்டைவாசல், புக்கிங் ஆபீஸ் கம்பிக்கு உள்பக்கம் உக்காந்து வேலை பாத்து ரிட்டையர் ஆனவன்ங்கிற முறையில ரெண்டு வார்த்தை.

முதல்ல, ஸ்டேஷன் வருமானம்னு சொல்றாங்களே, அது என்ன? ஷிப்ட் முடிஞ்சதும் வித்த டிக்கெட் நம்பரையும் கையில இருக்கிற காசையும் சரி பாத்து தினசரி வசூல் எழுதுற டிடிசி புஸ்தகத்துல ஏத்துவோம். ஒரு அஞ்சு ரூபா குறைஞ்சா நம்ம பையிலேருந்து போடணும். மாசக் கடைசியில பேலன்ஸ் ஷீட் கட்டி டிராஃபிக் அக்கவுண்ட்ஸுக்குப் போகும். அந்தத் தொகை இங்கிருந்து கிளம்புறவன் குடுத்த காசு, அவ்வளவுதான். மெட்ராஸ்லேருந்து குற்றாலத்துக்கு வர்ற குடும்பம் போக வர ரெண்டு டிக்கெட்டையும் வீட்லயே போன்ல போட்டுட்டு வருது. நம்ம கவுன்டர்ல அவங்க வாங்கினது என்ன? பிளாட்பாரத்துல காப்பி. கவுன்டர் வசூலைக் காட்டி "இந்த ஊர்ல ஆள் ஏறல"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

ரெண்டாவது, டிக்கெட் காசு எந்த மண்டலத்துல வித்துச்சோ அதுக்கே முழுசா போறதும் இல்ல. திருவனந்தபுரத்துல டெல்லிக்கு டிக்கெட் வாங்கினா, வண்டி எந்தெந்த மண்டலத்துல எத்தனை கிலோமீட்டர் ஓடுதோ அந்த விகிதத்துல பிரிப்பாங்க. வரவு பிரிக்கிறது இப்படி ஓரளவு சுலபம். செலவு பிரிக்கிறதுதான் வில்லங்கம்.

தண்டவாளம், சிக்னல், பாலம், ஸ்டேஷன் மாஸ்டர் சம்பளம் இதெல்லாம் சரக்கு வண்டிக்கும் பயணி வண்டிக்கும் பொது. ஒரே அடுப்புல ரெண்டு குடும்பம் சமைச்சா விறகுச் செலவை எப்படிப் பிரிப்பீங்க? ஆள் கணக்குலயா, பானை கணக்குலயா? ரயில்வே அதுக்கு ஒரு சூத்திரம் வச்சிருக்கு. இத்தனை டன் எடை இத்தனை கிலோமீட்டர், இத்தனை ரயில் கிலோமீட்டர், இன்ஜின் இத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு அளவு வச்சுப் பங்கு போடும். அந்தப் பங்குலேருந்துதான் உங்க 57 வருது. சூத்திரத்தைக் கொஞ்சம் திருகினா 57 மேலயும் போகும், கீழயும் வரும். அதுக்காக பொய்க் கணக்குன்னு நான் சொல்லல. நீங்க எண்ணிப் பாக்கிற பணம் மாதிரி அது இல்லன்னு மட்டும் சொல்றேன்.

தணிக்கை_தம்பி:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு "நஷ்டமே இல்ல, எல்லாம் சூத்திர விளையாட்டு"ன்னு மனுவுல எழுதிடாதீங்க. சிரிப்பாங்க. கொல்லத்துல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கைகளை விரும்பிப் படிக்கிற வியாதி உண்டு. மொத்த ரயில்வே கணக்கைப் பாருங்க.

2023-24ல மொத்த வரவு சுமார் 2.56 லட்சம் கோடி. அதுல சரக்கு 1.68 லட்சம் கோடி. பயணிகள் 70,693 கோடி. சரக்குல ஏத்தின எடையில ஏறக்குறைய பாதி நிலக்கரி மட்டுமே. அதாவது ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் சுரங்கத்துலேருந்து அனல்மின் நிலையத்துக்குப் போற கரிதான் நம்ம டிக்கெட்டுக்குப் பாக்கிப் பணம் கட்டுது. 2022-23ல பயணிகளுக்குக் குடுத்த சலுகை 56,993 கோடின்னு அமைச்சர் நாடாளுமன்றத்துலயே சொன்னார். கோட்டைவாசல் கேட்ட 43க்குப் பதில் இதுதான். நம்ம கரண்ட் பில்லுல ஒரு துளி நம்ம ரயில் டிக்கெட்.

அப்புறம் இயக்க விகிதம்னு ஒண்ணு. 100 ரூபா சம்பாதிக்க எத்தனை ரூபா செலவு? 2023-24ல 98.43. மிச்சம் மூவாயிரம் கோடி சொச்சம். இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது மிச்சமே இல்ல. 2021-22ல 107க்கு மேல போச்சு, கொரோனாவுக்கு அடுத்த வருஷம்.

அந்த 98ஐயும் அப்படியே நம்பாதீங்க. 2017-18ல 98.44ன்னு காட்டினாங்க. மின்சாரக் கம்பெனி என்டிபிசிகிட்டயும், ரயில் கட்டுமானக் கம்பெனி இர்கான்கிட்டயும் அடுத்த வருஷ வேலைக்கு முன்பணம் வாங்கி அந்த வருஷ வரவுல சேர்த்திருக்காங்க, அது இல்லாட்டி 102.66ன்னு சிஏஜி எழுதிச்சு. 2019-20ல காட்டினது 98.36. பென்ஷன் நிதிக்குப் போட வேண்டியதை முழுசா போட்டிருந்தா 114.35. மார்ச் மாசத்துல கடைக்காரர் எல்லாரும் செய்ற வேலைதான், தொகை மட்டும் பெரிசு.

மண்டிக்காரர்_பாவூர்சத்திரம்:
தம்பி, மார்ச் மாசத்துல நாங்க என்ன செய்றோம்னு பொதுவுல எழுதாதீரும் 😄

பழைய_புக்கிங்:
பென்ஷன் பேச்சு வந்துட்டுது. அந்த 98 ரூபாய்க்குள்ள என் பென்ஷனும் இருக்கு, ஒளிச்சு என்ன ஆகப் போகுது. 12 லட்சம் பேர் வேலையில இருக்காங்கன்னா பென்ஷன் வாங்குறவங்க அதைவிட அதிகம். 2004 ஜனவரிக்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்குத்தான் புதுத் திட்டம். பழைய ஆட்கள் செலவு இன்னும் பல வருஷத்துக்கு இருக்கும். மற்ற மத்திய அரசுத் துறையில பென்ஷன் பொது கஜானாவுலேருந்து போகுது. ரயில்வே மட்டும் தன் வசூல்லேருந்து குடுக்குது. அதையும் டிக்கெட் விலையில ஏத்திட்டு "பயணியால நஷ்டம்"னா என்ன நியாயம்? 1924ல ரயில்வே கணக்கைத் தனியா பிரிச்சப்ப அது சரி, தனிக்கடை, தனிக் கல்லா. 2017ல ரயில்வே பட்ஜெட்டைப் பொது பட்ஜெட்லயே கலந்தாச்சே. கல்லா ஒண்ணாயிட்டுது, பென்ஷன் மட்டும் இன்னும் தனிக்குடித்தனம்.

தணிக்கை_தம்பி:
அண்ணாச்சி, பென்ஷனைப் பேசுறவர் இன்னொண்ணையும் சொல்லணும். கல்லா ஒண்ணானதும் ரயில்வே மத்திய அரசுக்கு வருஷா வருஷம் கட்டிக்கிட்டு இருந்த டிவிடெண்ட் நின்னு போச்சு. பதிலுக்கு மூலதனப் பணம் கொட்டுது. 2024-25 பட்ஜெட்ல மட்டும் 2.52 லட்சம் கோடி, திருப்பித் தர வேண்டாத காசு. புதுப் பாதை, மின்மயம், வந்தே பாரத் எல்லாம் அதுல. அதனால ஓட்டத்துல மிச்சம் இல்லாட்டியும் ரயில்வே வளர்ற மாதிரி தெரியுது. வண்டி வாங்க, ரயில்வேக்குக் கடன் திரட்டுற ஐஆர்எஃப்சி கம்பெனி மூலமா எடுத்த கடனுக்கு வட்டி நடப்புச் செலவுல வருது, அசல் மூலதனக் கணக்குல போகுது. இயக்க விகிதத்துல அசல் தெரியவே தெரியாது.

எனக்கு உண்மையில உறுத்துறது தேய்மான நிதி, அதாவது தேஞ்சு பழசானதை மாத்த ஒதுக்கி வைக்கிற பணம். 2014-15ல அதுக்கு 7,000 கோடிக்கு மேல ஒதுக்கினாங்க. 2020-21ல 200 கோடி. தண்டவாளம் தேயுறது குறைஞ்சுதா என்ன? விகிதம் 100ஐத் தாண்டாம இருக்கணும்னா குறைக்க வசதியான இடம் அதுதான், ஏன்னா தேய்மானம் வந்து சம்பளம் கேட்காது. பாதுகாப்புக்குன்னு 2017ல தனியா ஒரு நிதி தொடங்கினாங்க. அதுலேருந்து கால் பிடிச்சு விடுற மெஷினும் சமையல் பாத்திரமும் வாங்கினதை சிஏஜி எழுதி வச்சிருக்கு.

ரயில்_ரசிகன்:
கால் பிடிச்சு விடுற மெஷினா?! நம்ம பதிமூணு கண் பாலத்து மேல ஒவ்வொரு மழைக்கும் பாறை விழுந்திருக்கான்னு பாத்துக்கிட்டே நடக்கிற கேங்மேனுக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க.

அம்பநாடு_மகள்:
ரொம்ப நேரமா வாசிச்சுட்டு இருக்கேன். ஆம்பளைங்க எல்லாம் கோடியில பேசுறீங்க, நான் ரூபாயில பேசுறேன்.

எங்க தாத்தா காலத்துல தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம். கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் மலையைத் தாண்டித்தான் செங்கோட்டை, தென்காசி. மீட்டர் கேஜ் இருந்தப்ப கழுத்துருட்டியில ஏறினா நேரா சொந்தக்காரங்க ஊர்ல இறங்கலாம். 2010ல அகலப்பாதை ஆக்குறோம்னு மூடினாங்க. 2018லதான் திரும்ப வண்டி வந்துச்சு. அந்த எட்டு வருஷமும் ரயில்வேக்கு இந்தத் துண்டுல பயணி நஷ்டம் கிடையாது. செலவு எங்க வீட்டுக் கணக்குல இருந்துச்சு. பஸ் மாறி மாறிப் போறது, முடியாதவங்களை ஜீப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது, போகாமயே விட்டது. அதை எந்த சிஏஜி எழுதும்?

இன்னொண்ணு. ரயில் பாதைக்கு ஆகுற செலவை டிக்கெட்ல தேடுறாங்க. பக்கத்துலயே திருமங்கலம்–கொல்லம் ரோடு மலையேறுது. மணல், கல் ஏத்திக்கிட்டு புளியரை செக்போஸ்ட் தாண்டி ராப்பகலா லாரி போகுது. ரோடு சிதையுது, திரும்பப் போடுறாங்க. அந்த ரோடு லாபமா நஷ்டமான்னு யாராவது ஒரு நாள் கேட்டதுண்டா?

கோட்டைவாசல்:
அக்கா, இந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே மனுவுல போடுறேன்.

தணிக்கை_தம்பி:
அக்கா சொன்ன ரோடு விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, அது நியாயமான கேள்வி. லாரிக்காரர் டீசல் வரி கட்டுறார், டோல் கட்டுறார், அதுலேருந்துதான் ரோடுன்னு ஒரு வாதம் உண்டு. மலை ரோட்டை அந்த லாரி எவ்வளவு உடைக்குதோ அவ்வளவுக்குக் கட்டுறாரான்னா, எனக்குச் சந்தேகம்தான்.

ஆனா டிக்கெட் விலைக்கு வரேன். வருஷக்கணக்கா ஏத்தாமலே வச்சிருந்து, 2025 ஜூலையில ஏத்தினாங்க. எக்ஸ்பிரஸ்ல ஏசி இல்லாத வகுப்புக்கு கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏசிக்கு 2 பைசா. சீசன் டிக்கெட்டைத் தொடவே இல்ல. சீசன்னா மாசம் முழுக்கப் போய்வர ஏறத்தாழ 15 ஒத்தப் பயணத்துக்கான காசுதான். கோட்டைவாசல் அண்ணே கோவிச்சுக்காதீங்க, வாசப்படியில நிக்கிற கூட்டத்தைக் காட்டி லாபம்னு நீங்க சொல்றீங்க, அந்தக் கூட்டத்துல பெரும்பங்கு சீசன்தான்.

கோட்டைவாசல்:
கோவம் எதுக்கு? சீசன்ல கொஞ்சம் கூட்டினா குடுக்கத் தயார். கூடுதல் பெட்டி தரணும், அவ்வளவுதான். காசும் ஏத்தி நின்னுக்கிட்டும் போகச் சொன்னா எப்படி?

அம்பநாடு_மகள்:
உங்க ஆபீஸ் சம்பளத்துக்கு அது சரி. எஸ்டேட் கூலிக்கு சீசன்ல ஐம்பது ரூபா ஏறினாலே ரெண்டு நாள் பேச்சு. கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சர் வண்டிக்கும் குறைஞ்ச டிக்கெட் 30ன்னு ஆக்கி, 2024 பிப்ரவரியிலதான் திரும்ப 10க்குக் கொண்டு வந்தாங்க. அந்தக் காலத்துல ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போக 30 ரூபா குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? வயசானவங்க சலுகையும் 2020 மார்ச்சோட போச்சு. ஆம்பளைக்கு 40, பொம்பளைக்கு 50 சதவீதம் இருந்தது. இன்னைக்கு வரைக்கும் திரும்ப வரல.

மண்டிக்காரர்_பாவூர்சத்திரம்:
பழைய புக்கிங் அண்ணாச்சிக்கு அந்தக் கவலை இல்ல. அவருக்கு பாஸ் இருக்கு.

பழைய_புக்கிங்:
பாஸ் இருக்கு வேய், இல்லேன்னு சொன்னேனா? முப்பத்தஞ்சு வருஷம் ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு வாங்கின பாஸ்.

ரயில்_ரசிகன்:
இடையில ஒரு கேள்வி. லாலு பிரசாத் ரயில்வே மந்திரியா இருந்தப்ப டிக்கெட் ஏத்தாமலே லாபம் காட்டினாரே? 100க்கு 76 ரூபாதான் செலவுன்னு அப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அது எப்படி?

தணிக்கை_தம்பி:
2007-08. அதுல நிஜமும் உண்டு, மேக்கப்பும் உண்டு. நிஜம் என்னன்னா, வேகன்ல கூடுதல் பாரம் ஏத்த அனுமதிச்சாங்க, வேகன் சும்மா நிக்கிற நேரத்தைக் குறைச்சாங்க. அதே தண்டவாளம், அதே இன்ஜின், கூடுதல் டன். அப்ப நாட்டுல சிமென்ட், இரும்பு எல்லாம் கொழிச்ச நேரம் வேற. அடுத்த வருஷமே ஆறாவது சம்பளக் கமிஷன் வந்து விகிதம் 90க்குப் போயிட்டுது. அவருக்கு அடுத்த மந்திரியா மம்தா வந்ததும் 2009 டிசம்பர்ல வெள்ளை அறிக்கை போட்டு அந்தக் கணக்கைக் குடைஞ்சாங்க. ஆனா அதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. பயணிகிட்டப் பிடுங்காம வருமானம் கூடணும்னா சரக்குதான் வழி.

நம்ம மலைக்கு இதை வச்சுப் பாருங்க. இங்க சரக்கு வண்டி கண்ணுல படுறதே அபூர்வம். அண்ணாச்சி சொன்ன பொதுச் செலவு, அந்தக் குகை, பாலம், மழைக்கால ரோந்து, எல்லாத்தையும் சுமக்கிறது நாலஞ்சு பயணி வண்டி மட்டும். பங்கு போட ஆளே இல்ல. ஒடிசாவுல கரிச் சுரங்கம் இருக்கிற தல்ச்சேர் பக்கம் ஒரு பயணி வண்டி ஓடினா அதுக்கு முன்னும் பின்னும் நிலக்கரி வண்டி ஓடி பாதைச் செலவை வாங்கிக்கும். நம்ம லைன் கட்டுபடியாகாததுக்குக் காரணம் பயணி கம்மின்னு இல்ல. கூடச் சுமக்க சரக்கு இல்ல.

கோட்டைவாசல்:
இதுதான் எனக்கு இவ்வளவு நாளா யாரும் சொல்லாதது. அப்ப மண்டிக்காரர் அண்ணாச்சிகிட்ட நேரா கேக்கேன். பாவூர்சத்திரத்துலேருந்து தினமும் கேரளாவுக்குக் காய்கறி போகுது. மார்க்கெட்டும் ஸ்டேஷனும் ஒரே ஊர்ல. பாலருவி எக்ஸ்பிரஸ் நடுராத்திரி இந்தப் பக்கம் கடந்து விடியுறதுக்குள்ள கொல்லம் போயிடுது, காய்கறிக்கு அளந்து வச்ச நேரம். ஏன் ஒரு மூட்டை கூட ரயில்ல போகல?

மண்டிக்காரர்_பாவூர்சத்திரம்:
கேட்டீரு, சொல்றேன். கொஞ்சம் நீளும்.

லாரி என் கடை வாசல்ல நிக்கும். சாயங்காலம் ஏலம் முடிஞ்சு கத்தரி, வெண்டை, முருங்கை, தக்காளிப் பெட்டி எல்லாம் ஏத்துவோம். ஒரு ஏத்துகூலி. விடியுமுன்ன கொல்லத்துலயோ திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்லயோ வியாபாரி கடை வாசல்ல இறங்கும். ஒரு இறக்குகூலி. வரும்போது காலிப் பெட்டியையும் பழைய பாக்கியையும் டிரைவர் வாங்கிட்டு வருவான். வழியில ரெண்டு ஊர்ல சில்லறையா இறக்கணும்னாலும் இறக்குவான். போன் அடிச்சா எங்க நிக்கான்னு தெரியும்.

இதையே ரயில்ல பாரும். கடையிலேருந்து குட்டியானைல ஏத்தணும், ஸ்டேஷன்ல இறக்கணும், எடை போடணும், லேபிள் ஒட்டணும், வண்டியில ஏத்தணும், அங்க இறக்கணும், ஸ்டேஷன்லேருந்து கடைக்கு மறுபடி ஏத்தி இறக்கணும். ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி, ஒவ்வொரு கை மாறும்போதும் தக்காளி நசுங்கும். ரயில் வாடகை லாரியைவிடக் கம்மின்னே வச்சுக்கிடுவோம், அந்த லாபத்தை கூலியே தின்னுடும். அதுல வண்டி நிக்கிறது ரெண்டு மூணு நிமிஷம். அதுக்குள்ள எத்தனை சிப்பம் ஏத்துவீரு? பாதி ஏத்தும்போது விசில் அடிச்சா மீதி பிளாட்பாரத்துல கிடந்து வாடும். காலிப் பெட்டி திரும்ப வர்றதுக்கும் காசு கட்டணும்.

முழு ரயிலா பிடிச்சா சல்லிசுன்னு ஒருத்தர் வந்து பேசினார். ஒரு முழு சரக்கு ரயில்னா நாப்பது வேகனுக்கு மேல. எங்க மார்க்கெட் முழுசையும் துடைச்சு ஏத்தினாலும் ஒரு நாளைக்கு அது நிறையுமா? ரயில்வேயோட சரக்கு யாவாரமே கரிக்காரனுக்கும் சிமென்ட் கம்பெனிக்கும் தச்ச சட்டை. எங்களுக்குப் பத்தாது.

தணிக்கை_தம்பி:
அண்ணாச்சி சொன்னது இந்தியா முழுக்க நடந்த கதை. சுதந்திரம் வந்த புதுசுல நாட்டுச் சரக்குல 80 சதவீதத்துக்கு மேல ரயில்ல போச்சு. இப்ப முப்பதுக்கும் கீழ. பயணி டிக்கெட்டை ஏத்த முடியாம சரக்குக் கட்டணத்தை ஏத்திக்கிட்டே போனாங்க, சில்லறைச் சரக்கு எல்லாம் லாரிக்குத் தாவிட்டுது, மிஞ்சினது லாரியில கட்டுபடியாகாத கரியும் தாதுவும். நாளைக்கு சோலார் கூடி கரி குறைஞ்சா என்ன செய்வாங்கன்னு யோசிச்சா தூக்கம் வராது.

2020 ஆகஸ்ட்ல கிசான் ரயில்னு தொடங்கினாங்க, மகாராஷ்டிரா தேவ்லாலியிலேருந்து பீகார் தானாப்பூருக்கு. பழம், காய்கறிக்குப் பாதி வாடகையை உணவு பதப்படுத்தும் அமைச்சகம் கட்டுச்சு. மானியம் இருந்தவரை நல்லா ஓடுச்சு. அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போற வெங்காயத்துக்குச் சரி. பாவூர்சத்திரம்–கொல்லம் மாதிரி சின்ன தூரத்துக்கு ஏத்துகூலி இறக்குகூலியே எல்லாத்தையும் முடிவு பண்ணிடும்.

பழைய_புக்கிங்:
மண்டிக்காரர் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா எல்லாச் சரக்கும் தக்காளி இல்ல. ஒவ்வொரு வண்டியிலயும் கார்டு இருக்கிற பெட்டியில பார்சலுக்குன்னு ஒரு அறை உண்டு, நாலு டன் பிடிக்கும். அதைக் குத்தகைக்கும் விடுவாங்க. குத்தகை எடுத்தவன் ஆள் வச்சு ஏத்துவான் இறக்குவான், ரயில்வேக்கு வெறும் காலி அறை காசாகுது. இந்த லைன் வண்டிகள்ல அந்த அறை எத்தனை நாள் காலியாப் போகுதுன்னு யாராவது பாத்தீங்களா? வண்டி எப்படியும் ஓடப் போகுது, ரெண்டாவது இன்ஜினும் எப்படியும் தள்ளப் போகுது. அந்த நாலு டன்னுக்கு ரயில்வேக்குக் கூடுதல் செலவு ஒண்ணுமே இல்ல.

நசுங்காத சரக்கு, கிலோவுக்கு நல்ல விலை உள்ள சரக்கு, சாக்குல போற சரக்கு எதுன்னு மண்டிக்காரர் சொல்லட்டும்.

மண்டிக்காரர்_பாவூர்சத்திரம்:
எலுமிச்சை. புளியங்குடி எலுமிச்சை சாக்குல போகும், ரெண்டு கை கூட மாறினாலும் தாங்கும். கேரளாவுல வெயில் ஏறினா கேட்ட விலை. முருங்கைக்காய் கட்டும் ஓரளவு தாங்கும். சின்ன வெங்காயம் சரி. தக்காளி, கத்தரி, கீரை பேச்சே வேண்டாம்.

ஆனா ரெண்டு நிபந்தனை. தென்காசியில வண்டி பத்து நிமிஷமாவது நிக்கணும். கொல்லத்துல இறக்க ஆள் யாருன்னு முன்னாடியே பேசி முடிக்கணும். மூட்டையைத் தொடாம சும்மா பாத்துக்கிட்டு நின்னதுக்கே கேக்கிற நோக்குகூலி கூடாதுன்னு அங்க அரசாங்கம் 2018லயே உத்தரவு போட்டுட்டு, சரிதான். உத்தரவு மூட்டை தூக்காது.

அம்பநாடு_மகள்:
கொல்லத்துல இறக்குற ஆட்கள் சங்கத்துல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார். பேசிப் பாக்கச் சொல்றேன். மலையாளத்துல பேசினா பாதி வேலை முடியும்.

தென்மலை, ஆரியங்காவு பக்கம் மிளகு, ரப்பர் ஷீட், கிராம்பு எல்லாம் இருக்கு. அதுவும் நசுங்காது. திரும்பி வரும்போது அந்த அறை காலியா வர வேண்டாமே.

ரயில்_ரசிகன்:
பத்து நிமிஷம் நிறுத்தம் கேட்டா டைம் டேபிள் ஆள் மயக்கம் போட்டு விழுவார். மலைக்கு இன்ஜின் மாட்ட எப்படியும் நிக்கிற இடத்துலயே ஏத்தலாமே? பின் இன்ஜின் மாட்ட, பிரேக் பாக்க எல்லாம் நேரம் ஆகுது. அந்த நேரம் இலவசம்.

பழைய_புக்கிங்:
சபாஷ். இந்தப் பையன் உருப்படியா பேசுறதை இன்னைக்குத்தான் பாக்கேன். தென்காசியைவிட செங்கோட்டையில ஏத்துறதுதான் புத்தி. மண்டிக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம், என்ன செய்ய.

மண்டிக்காரர்_பாவூர்சத்திரம்:
புளியங்குடி சரக்குக்கு செங்கோட்டை தூரமில்ல. பாத்துக்கிடலாம்.

கோட்டைவாசல்:
அப்ப மனுவை மாத்தி எழுதுறேன். முதல் பக்கத்துல "பயணிகள் அவதி"ன்னு வழக்கமான புலம்பல் வேண்டாம். இந்த லைன்ல பார்சல் அறை தினமும் எவ்வளவு நிறையுதுன்னு கணக்கு கேக்கணும், தகவல் உரிமைச் சட்டத்துலயும் தனியா ஒண்ணு போடுவோம். செங்கோட்டையில பார்சல் ஏத்த வசதி, எலுமிச்சை, மிளகு வியாபாரிகள் கையெழுத்தோட. அதுக்கு அப்புறம்தான் பகல் வண்டி. அக்காவோட ரோடு கேள்வியும் உண்டு. தணிக்கைத் தம்பி அந்த இயக்க விகிதத்தை மட்டும் ஒரு பத்தியில சுருக்கித் தாங்க, முன்பணக் கதை வேண்டாம், அவங்களைச் சீண்டின மாதிரி ஆயிடும்.

தணிக்கை_தம்பி:
முன்பணக் கதைதான் அதுல ருசியே. சரி, விட்டுடுறேன்.

ஒரு சந்தேகம். மனு எங்க போகணும்? புனலூர், கொட்டாரக்கரை எல்லாம் கேரளா, அப்ப திருவனந்தபுரம் கோட்டமா?

பழைய_புக்கிங்:
அங்கதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க. நாகர்கோவில், கன்னியாகுமரி, வள்ளியூர் எல்லாம் தமிழ்நாடு, அது திருவனந்தபுரம் கோட்டம். புனலூர், கொட்டாரக்கரை, குண்டறை எல்லாம் கேரளா, அது மதுரைக் கோட்டம். மனு மதுரைக்குத்தான். கொல்லம் ஜங்ஷன்ல இறக்குற விஷயம் மட்டும் திருவனந்தபுரத்துக்கு, அதுக்கு ஒரு நகல் தனியா போகணும். ரெண்டு கோட்டமும் "அது அவங்க எல்லை"ன்னு கையைக் காட்டும், அதனால ரெண்டு கடிதத்துலயும் மற்றதோட தேதியைக் குறிப்பிடுங்க.

அம்பநாடு_மகள்:
மலையாளத்துல ஒரு நகல் நான் எழுதுறேன். புனலூர்லயும் கழுத்துருட்டியிலயும் கையெழுத்து வாங்கணும்னா தமிழ்த் தாளை நீட்டினா யாரும் வாசிக்காம போட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரை நேரம் குடுங்க.

மண்டிக்காரர்_பாவூர்சத்திரம்:
புளியங்குடியில நாலு எலுமிச்சைக் கடைக்காரங்க கையெழுத்து நான் வாங்கித் தாரேன். ஆனா கோட்டைவாசல் தம்பி, தாள்ல "லாரி வேண்டாம்"னு எங்கயும் எழுதிடாதீரும். நாளைக்கும் எனக்கு அவங்க வேணும்.